மேலே சொல்லாத பிழை

கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி திருகிப் பார்க்கிறார். குடையை மாட்டியபின் கொக்கியை ஒருமுறை தொடுகிறார். செருப்பில் கால் நுழைத்தபடி, "வேற ஒண்ணும் பாக்கி இல்லையே?" என்று மனைவியிடம் கேட்கிறார்.

"உங்ககிட்ட ஒரு வேலை சொன்னா ரெண்டு வேலை. செய்யறது ஒண்ணு, விசாரிக்கறது ஒண்ணு."

விசாரிப்பதுதான் அவர் தொழில். கணினியில் எளிய மொழியில் எழுதிய நிரல், வேகம் வேண்டும்போது அடியில் சி மொழியில் இருக்கும் நிரலைக் கூப்பிடும். கீழே பிழை நேர்ந்தால் அதை மேலே சேர்க்கும் வாசலை வடிவமைத்தவர் இவர். அதற்கு ஒரே விதி: ஒவ்வொரு அழைப்புக்குப் பின்னும், பிழை ஏதும் காத்திருக்கிறதா என்று கேள். "கேக்காம விட்டா அது போயிடாதுப்பா. அடுத்து வர்ற அப்பாவி தலையில விடியும்," என்பார்.

இருபது வருடம் முன்பு அந்த விதி இல்லை. ஓர் அறை, அவரும் நானும் சேர்த்து ஐந்து பேர், கதவை முட்டும் மேசைகள். ஜன்னலோரப் பெண் நின்றபடியே தட்டச்சுவாள்; சிக்கல் அவிழ்ந்தால் பென்சிலைக் காதில் செருகிக்கொள்வாள். வாடிக்கையாளர் முன்னால் நிரல் ஒருநாள் நின்றுபோனது. நின்ற இடம் அவள் எழுதிய பகுதி. எல்லோரும் அவளைப் பார்த்தோம். மாதக் கடைசியில் வேலையை விட்டாள்.

இப்போது வாசல் மாறுகிறது. புதிய வடிவத்தில் பிழை தானே மேலேறும்; யாரும் கேட்கவேண்டாம். பழையதை நீக்கும் பொறுப்பு இவருக்கு. அவள் பகுதியின் தலையில் யாரோ அன்று எழுதிய 'கவனம், இங்கே உடையும்' இன்னும் இருந்தது. வியாழன் மாலை திரையில் அதன்மேல் விரலை வைத்தவர், அழிக்காமல் விரலை எடுத்துவிட்டார்.

அப்போதுதான் என்னிடம் சொன்னார். அன்றைய பிழை பிறந்தது இவர் பகுதியில். கேட்காமல் விட்டதால் அவளுடையதில் வெடித்திருக்கிறது. அவள் போன மூன்றாம் மாதம் கண்டுபிடித்து, 'சிறு திருத்தம்' என்று குறித்துச் சரிசெய்திருக்கிறார். விதி பிறந்தது அப்படி.

"இதை அழிச்சிட்டா யாருக்கும் தெரியாது," என்றார். பிறகு, "அவ நம்பர் உங்கிட்ட இருக்கா?"

இருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு வந்தார். பையை நாற்காலியில் மாட்டினார். பழைய வாசலை நீக்கினார். நீக்கியதற்கான குறிப்பில் எந்த வருடம், எந்த வரி, யார் தவறு என்று எழுதித் தன் பெயரைப் போட்டார். பிறகு கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அவர் பேசியது ஒரு நிமிடம் இருக்கும். அதன்பின் போனை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.