சகலை வீட்டு கான்டெசா

போன வருஷம் மாசி மாதம், தூத்துக்குடியில் என் சகலை வீட்டு வாசலில் நடந்த விஷயம் இது. நான் காரைக்குடிக்காரன். புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் விற்பனையைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்குக் குடி, சிகரெட், சீட்டு எதுவும் கிடையாது. கார் மட்டும்தான். தெருவில் போகிற வண்டியின் சத்தத்தை வைத்தே அது என்ன வண்டி, எந்த சிலிண்டரில் கோளாறு என்று வீட்டுக்குள் இருந்தபடி சொல்லிவிடுவேன். இதனால் வீட்டில் எனக்குப் பெரிய மரியாதை எதுவும் கிடைத்துவிடவில்லை.

முதலில் ஒரு பழைய வயிற்றெரிச்சலைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை ஆலை வேலையாகக் கொத்தமங்கலம் போயிருந்தபோது, ஒரு பெரிய வீட்டின் பின்பக்க ஷெட்டில் துணி போர்த்தி ஒரு கார் நிற்பதைப் பார்த்தேன். துணியைத் தூக்கினால், கருநீல கான்டெசா! இப்போது தயாரிப்பிலேயே இல்லாத பழைய பெரிய கார். வீட்டுக்காரர்கள் சென்னையோடு போய்விட்டார்கள். வருஷக்கணக்கில் யாரும் காரைத் தொடவில்லை. டயர் நான்கும் தரையோடு உட்கார்ந்துவிட்டன. ஆனால் தகரத்தில் ஒரு பொட்டுத் துரு இல்லை. எங்கள் ஊர்க் காய்ந்த காற்றின் குணம் அது. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர், "விக்கிறதாத்தான் சொல்லிக்கிட்டிருக்காக" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். சந்தோஷம் தாங்காமல் சகலைக்குப் போன் போட்டேன். சகலை என்றால் என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். என்னைவிட இளையவர், தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. அவரும் என்னைப் போலவே கார்ப் பைத்தியம். நான் சொல்லச் சொல்ல "அப்படியாண்ணே, அப்படியாண்ணே" என்று கேட்டுக்கொண்டார். வீட்டில் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று நான் நேரம் பார்த்துக்கொண்டிருந்த வாரத்திலேயே அவர் வந்தார், பேசி முடித்தார், மெக்கானிக்கை வைத்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். போகிற வழியில் எங்கள் வீட்டில் நிறுத்தி மைசூர்பாகு வேறு கொடுத்தார். அந்த மைசூர்பாகில் ஒரு துண்டுகூட நான் தின்னவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்குச் சோதனைதான். காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் சகலையின் ஸ்டேட்டஸ் வந்து நிற்கும். உப்பளத்து ஓரத்தில் கான்டெசா, பின்னால் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். கடற்கரைச் சாலையில் கான்டெசா, ஜன்னலில் சகலையின் முழங்கை. வாசலில் செம்மண் அப்பி நிற்கிற என் சின்ன வண்டியைப் பார்ப்பேன். வெயில் எங்கள் ஊரிலும்தான் அடிக்கிறது. ஆனால் எங்களுடையது மண்டையைப் பிளக்கிற வெயில், அவருடையது போட்டோவுக்கென்று அடிக்கிற வெயில். எல்லாப் படத்துக்கும் தவறாமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்புவேன். அனுப்பிவிட்டு ஆறிப்போன காபியைக் குடிப்பேன்.

அவர்கள் அங்கே புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது போயிருந்தோம். எல்லாரும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், நான் காரைச் சுற்றிப் பார்த்தேன். பானெட்டைத் தடவி, "அடேயப்பா, புதுசு தோத்துப்போகும் தம்பி" என்றேன். நாங்கள் ஊர் திரும்பிய மறுநாள், லாரி ஒன்றிலிருந்து கல் தெறித்துக் காரின் முன்கண்ணாடி விரிசல் விட்டுவிட்டதாகப் போன் வந்தது. "அச்சச்சோ" என்றேன். பாதி மனசோடுதான் சொன்னேன்.

அதன் பிறகு கொஞ்ச நாளில் கார் படங்கள் நின்றுபோயின. சகலையின் ஸ்டேட்டஸில் காலை வணக்கமும் முருகன் படமும் மட்டும் வந்தன. எனக்குத் தெரியாமல் மற்றவர்களுக்கு மட்டும் போடுகிறார் என்று முடிவுகட்டினேன். மனைவியின் போனை வாங்கிப் பார்த்தேன், அதிலும் இல்லை. சரி, அவளையும் சேர்த்து மறைத்துவிட்டார். பார்த்தால் வயிறு எரிகிறது, பார்க்காவிட்டால் அதைவிட எரிகிறது.

இப்படியே இரண்டு மழைக்காலம் போன பிறகுதான் எங்கள் முதலாளி, தூத்துக்குடியில் துறைமுகத்துப் பக்கம் ஆலைக்கு ஓர் ஆபீஸ் திறக்கப் போவதாகவும், என்னைக் குடும்பத்தோடு அங்கே போகும்படியும் சொன்னார். பங்குனி பிறப்பதற்குள் பதில் வேண்டும் என்றார். எனக்கு அப்போதே கண்முன்னால் கடற்கரைச் சாலை ஓடியது. நானும் ஒரு நல்ல பழைய வண்டியாக வாங்குவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சகலையின் கான்டெசாவை ஓவர்டேக் செய்வேன். உண்மையைச் சொன்னால் பதவியும் சம்பளமும் இதற்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தன.

மனைவிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "தங்கச்சி ஊருல போய்க் குடியிருக்கப் போறீகளா? எட்ட இருந்தா கிட்ட உறவு, கிட்ட இருந்தா முட்டப் பகை. உங்க கண்ணுக்கு அந்தக் காரு தெனம் தட்டுப்பட்டா, வீட்ல நான்தான் வதைபடணும்" என்றாள். கடைசியில், ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று கிளம்பினோம்.

ராமநாதபுரம் தாண்டி, சாயல்குடிக்கு அப்புறம் சாலை நீளமாக விரிந்தது. ஒரு திருப்பத்தில் கடல் தெரிந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டேன். காற்று சட்டைக்குள் புகுந்து புடைத்தது. "இந்த ரோட்டை விட்டுட்டு அங்குட்டுக் கெடந்து செம்மண்ணைத் தின்னுக்கிட்டு இருக்கோமே" என்றேன். மனைவி பறக்கிற முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வேம்பார் வருவதற்குள் நான் மனசுக்குள் வீடு மாற்றிவிட்டேன்.

சகலை வேலையிலிருந்து வரவில்லை. போர்ட்டிகோவில் கார் நின்றது, ஆனால் தெரியவில்லை. தடிமனான தார்ப்பாய் உறை, அதற்கு மேலே இன்னோர் உறை, சுற்றிலும் கயிறு. "காரைக் கொஞ்சம் பார்க்கட்டுமாத்தா?" என்று கொழுந்தியாளிடம் கேட்டேன்.

"அவுக வரட்டும் மச்சான். கட்டுறதும் அவுகதான், அவுக்குறதும் அவுகதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். பார்க்கக்கூட விடமாட்டேன் என்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. உறைக்குள் என்னென்ன புதிதாக மாட்டியிருக்கிறாரோ என்று நினைத்து நினைத்து, அவள் கொடுத்த பணியாரத்தை ருசி தெரியாமல் விழுங்கினேன்.

சாயங்காலம் சகலை வந்தார். "வாங்கண்ணே, எப்ப வந்தீக?" என்றவர் முகத்தில் களை இல்லை. காபி குடித்தார், ஊர் விஷயம் கேட்டார், மாடியைக் காட்டினார். காரைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. நானே கேட்டேன். எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்தார்.

உறையை இழுத்ததும் முதலில் ஒரு வாடை வந்தது. ஈரத்துணியைச் சுருட்டி வைத்து மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. கதவுகளின் அடியில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்திருந்தது. மட்கார்டு ஓரத்தை விரலால் தொட்டேன், பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. சகலை கதவைத் திறந்து மிதியடியைத் தூக்கினார். தரை தெரிந்தது. காரின் தரை இல்லை, போர்ட்டிகோவின் தரை.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. இத்தனை நாள் எரிந்த வயிற்றில் யாரோ ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிய மாதிரி இருந்தது. அந்தக் குளிர்ச்சியோடுதான் பெரிய மனுஷன் தோரணையில் ஆரம்பித்தேன். "என்ன தம்பி, இப்படி விட்டுட்டீக? கடலோரத்துல மூடியே வைக்கலாமா? உள்ள போன உப்பு ஈரம் எப்படிக் காயும்?"

"கொத்தமங்கலத்துல மூடித்தானேண்ணே வச்சிருந்தாக. அங்க ஒண்ணும் ஆகலையே. அதே மாதிரிதான் வச்சேன்."

"அது நம்ம ஊரு காத்து. இது உப்புக் காத்துல்ல? நீங்க ஞாயித்துக்கிழமை தவறாம ஓட்டுவீகளே, அதுக்காவது திறந்திருக்கலாமே. யாருக்குப் பயந்து இப்படிக் கட்டி வச்சீக?"

சகலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உங்களுக்குப் பயந்துதாண்ணே" என்றார்.

நிலைப்படியில் நின்ற கொழுந்தியாள் கண்ணைத் துடைத்தாள். "அக்கா, கோவிச்சுக்கிறாதே. பால் காய்ச்சுக்கு வந்தப்ப மச்சான் காரைப் பார்த்த பார்வையை நீயும்தான் பார்த்தே. மறுநாளே கண்ணாடி போச்சு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதும்பாக. நான்தான் மூடச் சொன்னேன். போட்டோவும் போடாதீக, வெளியவும் எடுக்காதீகன்னு சொல்லிட்டேன்."

என் மனைவி எனக்காகச் சண்டைக்குப் போவாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள், "அது வாஸ்தவந்தான்டி" என்றாள்.

கோபம் சுர்ரென்று ஏறியது. கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றேன். கண் படுவது, திருஷ்டி கழிப்பது இதிலெல்லாம் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை. கல் தெறித்தது லாரியால், துரு ஏறியது உப்பால். இப்படியெல்லாம் நியாயம் பேசிப் பார்த்தேன். ஆனால் என் பார்வைக்குப் பயந்துதானே மூடினார்கள்? மூடியதால்தானே செத்தது? காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டே இங்கே ஒரு காரைத் தின்றுவிட்டேன். பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்தால் என்னென்ன தின்பேனோ! பிடித்திருந்த கேட்டின் துருவும் பொரிப் பொரியாகக் கையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

திரும்பிப் பார்த்தேன். சகலை படியில் உட்கார்ந்து, துண்டால் ஹெட்லைட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மெக்கானிக் காயலான் கடைக்குப் போடச் சொல்லிட்டாருண்ணே. அடுத்த வாரம் வண்டி கொண்டாந்து தூக்கிட்டுப் போறாகளாம்" என்றார். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கொத்தமங்கலத்துக் கார் கைவிட்டுப் போன அன்றைக்கு என் வீட்டுக் கண்ணாடியில் பார்த்த முகம்.

"போட வேணாம். நான் ஊருக்குக் கொண்டு போறேன். நம்ம காத்துல நிக்கட்டும். டிங்கர் வேலை பார்த்து எடுத்துரலாம்" என்றேன்.

கொழுந்தியாள் கணவனைப் பார்த்த பார்வையில், கடைசியில் பறித்துக்கொண்டாரே என்று எழுதி ஒட்டியிருந்தது. சகலை துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆர்.சி. என் பேர்லயே இருக்கட்டும்ணே" என்றார்.

"இருக்கட்டும்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

அங்கிருந்தே முதலாளிக்குப் போன் செய்தேன். எங்கள் ஆலை லாரி அரிசி ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி வந்து காலியாகத் திரும்பும். அதில் ஒரு காரை ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "ஏத்திக்க. ஆபீஸ் என்னாச்சு? வீடு பார்த்துட்டியா?" என்றார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி சொன்னேன். "என்னய்யா, கடலைப் பார்த்துப் பயந்துட்டியா?" என்று சிரித்தார். கடலைப் பார்த்து இல்லை என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலையில் லாரி நிற்கிற குடோனுக்கு, சகலை தள்ள நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக் காரை உருட்டிப் போவதாக ஏற்பாடு. கிளம்புகிற நேரத்தில் கொழுந்தியாள் கல் உப்பும் காய்ந்த மிளகாயும் கையில் எடுத்து வந்தாள். என்னைக் காரோடு சேர்த்து நிற்கச் சொன்னாள். "இனிமே ஊருக் கண்ணு உங்க மேலதானே மச்சான் படும்" என்று சொல்லி, காரையும் என்னையும் சேர்த்துச் சுற்றி, வாசலில் எரிந்த தேங்காய்ச் சிரட்டையில் போட்டாள்.

எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. மிளகாய் எரிந்து நெடி வந்து எல்லாரும் இருமினால், கண் எதுவும் படவில்லை என்று அர்த்தம். நெடி வராவிட்டால், கண் பட்டிருக்கிறது. உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கருகியது. நான்கு பேரும் சிரட்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடல் காற்று புகையை அங்குட்டுத் தள்ளிக்கொண்டு போனதோ என்னவோ, எனக்கு மூக்கில் ஒன்றும் ஏறவில்லை. பொய்யாகவாவது இருமித் தொலைப்போமா என்று தொண்டையைத் தயார் செய்தேன்.

எனக்கு முன்னால் சகலை இருமினார். ஒரு தடவை இல்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து இருமினார். "என்னா நெடி, தாங்க முடியல!" என்று தன் மனைவியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, என் தோளில் கைவைத்து, "ஏறுங்கண்ணே, நேரமாச்சு" என்றார். அவர் கண்ணில் ஒரு சொட்டு நீர்கூட இல்லை. எனக்குத்தான் வந்தது.

இப்போது கான்டெசா எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. அடித்தகரம் புதிது, பெயிண்ட் பழைய கருநீலமே. யாராவது "உங்க காரா?" என்று கேட்டால் "எங்க காரு" என்று சொல்லிச் சமாளிக்கிறேன். பள்ளி விடுமுறைக்குச் சகலை குடும்பம் வரும்போது சாவி அவர் கையில்தான். அவர்கள் தேவகோட்டை வரை போய்த் திரும்பும் வரை நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருப்பேன். இத்தனைக்குப் பிறகும், ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் காரே இல்லாமல் வெறும் கடலைப் படமெடுத்துப் போட்டால் எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. இந்தக் குணம் என்னோடுதான் போகும் போலிருக்கிறது.

காரை நான் மூடுவதில்லை. எதிர்வீட்டுக்காரர் தினமும் பால் வாங்கிவிட்டு வரும்போது அதன் முன்னால் நிற்பார், ஒரு சுற்று சுற்றுவார், பானெட்டைத் தடவுவார். அந்தப் பார்வை எனக்குப் புதிதா என்ன? என் பொறாமையைத் தெரிந்துகொண்டே எனக்காக ஒருவர் இருமியதை நினைத்துக்கொண்டு, பார்க்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். சில நாள் அவர் கிளம்பும்போது, அவர் காதில் விழுகிற மாதிரி நானும் ஒருமுறை இருமி வைக்கிறேன்.