பளபளத்த கார்புரேட்டர்

பெட்ரோல் வாசனை வந்தால் இன்றைக்கும் நான் எழுந்து தள்ளிப் போய்விடுவேன். பத்து வயதில் எனக்கு அதைப்போலப் பிடித்த வாசனை வேறில்லை. அப்பாவின் பழைய அம்பாசிடர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றாலே தெருவில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் மட்டும் அதன் சூடான பானெட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விடுவேன்.

வண்டி அப்பாவுடையது, ஓட்டியது அம்மாவின் தம்பி குமார் மாமா. சிதம்பரத்துக்குக் கல்யாண வாடகை, கோவில் வாடகை என்று வாரத்தில் நாலு நாள் ஓடும். அந்தக் கோடை விடுமுறையில் அதன் கார்புரேட்டர் மூச்சுவிடத் திணறியது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுகிற அந்தச் சிறிய உலோகக் கூட்டைக் கழற்றிக் கழுவி மாட்டியே மாமாவின் நகக்கண்கள் கறுத்துப்போயின. "இது பெட்ரோலக் குடிச்சே நம்மள தெருவுல நிறுத்திடும் மாமா, வேற மாத்திடலாம்" என்று அவர் அப்பாவிடம் சொன்ன மறுநாள் மூவரும் பழைய துறைமுகம் பக்கம் ஒரு பாயின் பழைய உதிரிபாகக் கடைக்குப் போனோம்.

பாய் இரண்டு கார்புரேட்டர்களை எடுத்து வைத்தார். இரண்டும் பழையவை, ஒரே அச்சில் வார்த்தவை போலிருந்தன. ஒன்று கடற்காற்றில் வெளுத்து, சுண்ணாம்பு பூத்துக் கிடந்தது. இன்னொன்று யாரோ தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியதில் பூஜைச் சாமான் போல மின்னியது. பக்கவாட்டில் பொறித்திருந்த எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் வேறு.

மாமா வெளுத்ததை எடுத்தார். "நம்ம இன்ஜின் நம்பர் இதுதான். அது வேற வண்டிக்குச் செஞ்சது, நம்ம பம்பு தள்ளுற வேகத்த, பெட்ரோல அடைக்கிற அதோட ஊசி தாங்காது. பெட்ரோல் ஜாஸ்தியாகி வழியும்" என்றார். அப்பாவின் கண்ணோ மின்னியதை விட்டு நகரவில்லை. "இந்தக் கருமாந்தரத்தையா மாட்டறது? பானெட்ட தொறந்தா நாலு பேர் பாக்க வேணாமா?" பாய் சிரித்தார். "பாக்கத்தான் அண்ணன் தம்பி. ஒன்னு சொன்ன பேச்சு கேக்கும், ஒன்னு கேக்காது. அவ்வளவுதான் நான் சொல்வேன்."

வண்டி ஓட்டுகிறவன் பேச்சைக் கடைக்காரர் முன்னால் தட்டிவிடவும் அப்பாவுக்கு மனமில்லை, கேட்கவும் மனமில்லை. எங்கள் வீட்டில் இப்படி முட்டிக்கொண்டு நின்றால் "பூக்கட்டிப் பார்ப்பது" வழக்கம். பெண் பார்க்கவும் நிலம் வாங்கவும் செய்வதை ஒரு கார்புரேட்டருக்குச் செய்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். தெருக்கோடிப் பிள்ளையார் முன்னால் அப்பா உட்கார்ந்து, ஒரு காகிதத்தில் செவ்வரளியையும் இன்னொன்றில் நந்தியாவட்டையையும் மடித்தார். "செவப்பு வந்தா பளபளப்பு, வெள்ள வந்தா பழசு. நீ எடும்மா. சூதுவாது தெரியாத பிள்ளை எடுத்தா சாமி எடுத்த மாதிரி."

அவர் மடித்ததை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அரளி இருந்த காகிதத்தில் ஒரு புடவை விளம்பரத்தின் பாதி முகம் தெரிந்தது. எனக்கும் மின்னியதுதான் வேண்டியிருந்தது; அதைவிட, அப்பா முகத்தில் சிரிப்பு வரவேண்டியிருந்தது. பாதி முகத்தை எடுத்துக் கொடுத்தேன். அப்பா சிரித்தார். மாமா பொட்டலத்தைப் பிரித்து அரளியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சாமியே சொன்னப்புறம் நான் யாரு?" என்றார். அதன்பின் அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு அது ஏனோ பயமாக இருந்தது.

அன்றே அதை வாங்கி மாட்டி, மறுநாள் காலை சாமிக்கு நன்றி சொல்லச் சிதம்பரம் கோவிலுக்குக் கிளம்பினோம். இன்ஜின் பூனை மாதிரி உறுமியது. ஊரைத் தாண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் வரும்போது உள்ளே காட்டமாக ஒரு நெடி ஏறியது. அந்தச் சாலையில் எந்த நெடி வந்தாலும் நாங்கள் "கம்பெனி வாசனை" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிடுவோம், அன்றைக்கும் ஏற்றினோம். கம்பெனிகள் முடிந்து சவுக்குத் தோப்பு வந்தது. நெடி போகவில்லை. அது எது என்று அந்த வண்டியில் என்னைவிட நன்றாக அறிந்த மூக்கு இல்லை. சொன்னால் மின்னுவதைக் கழற்றிவிடுவார்களே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு ரயில்வே கேட்டில் நின்றோம். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கார்புரேட்டரிலிருந்து வழிந்த பெட்ரோல் அடியில் கொதித்துக் கிடந்த புகைக்குழாயில் சொட்டியிருக்க வேண்டும். 'புஸ்' என்று ஒரு சத்தம், பானெட்டின் இடுக்கில் நீலமாக ஒரு கோடு. மாமா முதலில் என்னைத்தான் இழுத்து வெளியே போட்டார். அப்பா தானாக இறங்கி ஓடினார். மாமா திரும்பிப் போய் பானெட்டைத் திறந்தார்; பெட்ரோல் குழாயைப் பிடுங்கினால் நின்றுவிடும் என்று வலது கையை உள்ளே விட்டார். குழாயில் இருந்த பெட்ரோல் அந்தக் கை மீதே கொட்டியது. அவர் போட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. கேட்டில் நின்ற பஸ்காரர்கள் மண்ணை வாரிக் கொட்டித்தான் தீயை அணைத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து வீடு திரும்பிய மாமாவின் வலது கையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஸ்டியரிங்கை அவர் மறுபடி பிடிக்கவே இல்லை. முப்பது வயதுக்குள் முடிந்துபோனது அவருக்குத் தெரிந்த ஒரே தொழில்.

இப்போது வருகிற கார்களில் கார்புரேட்டரே கிடையாது. பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள், ரயில்வே கேட்டின் மேல் பாலம் போகிறது. என் மகளிடம் கார்புரேட்டர் என்று சொன்னால், அது என்ன தின்பண்டம் என்கிறாள்.

போன பொங்கலுக்கு அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எண்பதை நெருங்குகிறவரிடம் எதற்கு என்று பலமுறை யோசித்து, நெஞ்சு தாங்காமல்தான் சொன்னேன். பொட்டலத்தைத் தெரிந்தே எடுத்தேன் என்றேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"தெரியும்மா. நீ பாக்கணும்னுதான உன் கண்ணு முன்னாடி மடிச்சேன்."

அடுத்த அறையில் மாமா, வந்திருந்த விருந்தாளியிடம் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருந்தார்: "சாமி எனக்குப் பெரிய கொற வைக்கல சார். கைய மட்டும் எடுத்துக்கிட்டு எங்க பிள்ளைய விட்டுடுச்சு."

அப்பா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.