கிணற்றுக்குள் இரண்டு கோடுகள்

எங்கள் ஊர் நல்ல தண்ணிக் கிணற்றின் உட்சுவரில் வெள்ளைப் பெயின்றால் கீறிய ஒரு கோடு இருந்தது. கிணற்றுக்கட்டில் வயிறு முட்ட எட்டிப் பார்த்தால்தான் தெரியும். மாரியில் அது தண்ணீருக்குள் போய்விடும். கோடையில் தண்ணீர் இறங்க இறங்க அது மெல்ல மேலே வரும். கோடு முழுதாக வெளியே தெரிந்துவிட்டால் வண்டிலில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் ஏற்ற முடியாது. ஒரு வீட்டுக்கு ஒரு வேளைக்கு ஒரு குடம், அதையும் இடுப்பில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். கிராமச் சபை போட்ட சட்டம் அது. சபையில் கைதூக்கி நிறைவேற்றியவர்கள் அடுத்த கிழமையே மறந்துபோன எத்தனையோ சட்டங்களில் அதுவும் ஒன்றாகப் போயிருக்கும். மறக்கவிடாமல் ஒருவர் இருந்தார். சபையின் மேற்பார்வையாளர், ஊர் வாயில் ஓவசியர். அவரை நான் என் வாழ்நாள் முழுவதும் வெறுத்திருக்கிறேன். அந்த வெறுப்பை விட்டுக்கொடுக்கவும் இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை.

காக்கிக் காற்சட்டை, தலையில் ஒரு பழைய தொப்பி, மணி அடிக்காத சைக்கிள். மணி இல்லாததால் வருவது தெரியாது. அடுப்படிச் சாம்பலைத் தெரு ஒழுங்கையில் கொட்டிக்கொண்டு நிமிர்ந்தால் அவர் நிற்பார். வேலி ஒழுங்கைக்குள் தள்ளிவிட்டது என்று கிளுவந்தடியை அசைத்துக் காட்டுவார். கட்டாக்காலி மாடுகளைப் பிடித்துச் சபைப் பட்டியில் அடைப்பார். மலசலகூடம் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்று முன்பின் தெரியாத பெண்களிடமும் கூச்சமில்லாமல் கேட்பார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒருவர் வீட்டிலும் ஒரு வாய் வெற்றிலைகூடப் போடமாட்டார். அதை நேர்மை என்று சொன்னவர்கள் உண்டு. திமிர் என்பதுதான் எங்கள் வீட்டுக் கருத்து.

எங்கள் தீவில் தண்ணீர் என்றால் என்ன என்று வெளியூர்க்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு, எல்லாம் உவர். குளிக்கலாம், தோய்க்கலாம், வாயில் வைக்க முடியாது. குடிக்கக்கூடியது அந்த ஒரு கிணறுதான். அதிலும் மேலே நிற்பது மழை விட்டுப்போன தண்ணீர். அதற்கு அடியில் கடல். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியில் உள்ளது மேலே வந்துவிடும். வந்தால் லேசில் திரும்பாது. இது ஏதோ ஓவசியருக்கு மட்டும் தெரிந்த வித்தை அல்ல, பால்குடி மறவாத பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, தடுக்க ஓர் ஆள் நிற்பது வேறு.

அக்காவின் கலியாணம் ஆவணியில் வந்தது. ஆவணியில் கிணறு எந்த நிலையில் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சாத்திரியார் இரண்டு சாதகத்துக்கும் பொருந்துகிற முகூர்த்தம் அதைவிட்டால் அடுத்த வருடம்தான் என்றுவிட்டார். மாப்பிள்ளைக்குச் சரவணை ஊர். பாலம் தாண்டி வரும் பெரிய குடும்பம். தெற்கே கடை வைத்திருந்த ஐயா அதற்காகவே ஊருக்கு வந்து நின்றார். பந்தல், மேளம், சமையற்காரர் எல்லாவற்றையும் யோசித்தவர் தண்ணீரை யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார். கிணற்றுக்கட்டே அவர் கட்டிக்கொடுத்ததுதான். உபயம் என்று அவர் பெயர் வெட்டிய கல் கப்பிக்கு நேரே பதித்திருந்தது.

கலியாணத்துக்கு முதல் நாள் காலை வண்டிலில் பீப்பாய்களை ஏற்றி அனுப்பினோம். அவை நிரம்பும்வரை ஓவசியர் வரவில்லை. நிரம்பி, மாட்டைத் தட்டுகிற நேரத்தில் வந்தார். சைக்கிளை வண்டிலுக்குக் குறுக்கே போட்டார். வண்டிற்காரன் ஓடிவந்து சொல்ல, ஐயா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு போனார். பெண்கள் போகக்கூடாது என்று அம்மா தடுத்தும் நான் பின்னால் போனேன். எனக்கு அப்போது இருபது வயது, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன்.

“அண்ணை, கோடு தெரியுது,” என்றார் ஓவசியர்.

“நாளைக்கு என்ரை பிள்ளைக்குக் கலியாணம். உமக்குத் தெரியாதோ?”

“தெரியும். வரச்சொல்லிக் கலியாணக் காட் வந்தது.”

“அப்ப சைக்கிளை எடும்.”

“ஏலாது, அண்ணை.”

ஐயா தன் பெயர் வெட்டிய கல்லைக் காட்டினார். ஓவசியர் அதை நிதானமாக வாசித்துவிட்டு, “கட்டு உங்கடை. தண்ணி ஊரின்ரை,” என்றார். பிறகு செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. குடத்தோடு காத்து நின்ற பெண்களை வரிசையாகக் கூப்பிட்டு, எங்கள் கலியாணப் பீப்பாய்களின் அடைப்புக்கட்டையைக் கழற்றி, ஒவ்வொருவருக்கும் ஒரு குடம் நிரப்பிவிட்டார். எங்கள் வயலில் கூலிக்கு நிற்கும் பெண் முதலாவதாக நின்றாள். அவள் ஐயாவைப் பார்க்காமல் குடத்தைப் பிடித்தாள். எல்லோரும் வாங்கிய பின் என்னைப் பார்த்து, “பிள்ளை, நீரும் ஒரு குடம் கொண்டுவாரும். உங்கடை வீட்டுக்கும் ஒண்டு இருக்கு,” என்றார். கூலிக்காரிக்கும் எனக்கும் ஒரே குடமோ என்று ஐயா வீடு வரும்வரை சத்தம் போட்டார். நான் சத்தம் போடவில்லை. அந்த ஒரு குடத்தைக் கொண்டுபோய் வாங்கவுமில்லை.

மறுநாள் உவர்த் தண்ணீரில் சமையல் நடந்தது. சோறு எப்படியோ தப்பியது. தேத்தண்ணி தப்பவில்லை. இஞ்சி, ஏலக்காய், சீனி என்று சமையற்காரர் கொட்டாதது இல்லை. பால் விட்டதும் திரைந்தது. தட்டத்தில் வைத்து மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்தவள் நான்தான். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு வாய் குடித்தார், கோப்பையைத் திரும்பத் தட்டத்தில் வைத்தார். “பறவாயில்லை. இந்த ஊரிலை கறிக்கு உப்பு வாங்கத் தேவையில்லைப் போலை.” பந்தல் முழுக்கச் சிரித்தது. மணவறையில் இருந்த அக்கா தலையை நிமிர்த்தவேயில்லை. வெட்கம் என்று பெண்கள் பாராட்டினார்கள்.

அக்காவுக்கு அந்த வீட்டில் ‘உவர்த்தண்ணிப் பொம்பிளை’ என்று பெயர் வந்தது. முதலில் பகிடியாக. பிறகு பகிடி தேய்ந்து பெயர் மட்டும் நின்றது. அவள் வைக்கிற கறியில் ஒரு கல் உப்புக் கூடினாலும், குறைந்தாலும், அதைச் சொல்லியே குத்தினார்கள். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் குசினி அடுப்படியில் இருந்து அழுவாள். ஒரு பீப்பாய், ஒரேயொரு பீப்பாய், அந்த மனுசன் கண்ணை மூடியிருந்தால் என்ன குடியா முழுகியிருக்கும் என்று அம்மா திட்டுவார். நானும் திட்டினேன்.

ஐயா கடையைத் தம்பிமாரிடம் விட்டுவிட்டு ஊரோடு வந்தார். அடுத்த கிராமச் சபைத் தேர்தலில் நின்றார். ஓவசியரால் மாடு பிடிபட்டவர்கள், வேலி வெட்டுப்பட்டவர்கள், பீப்பாய் மறிக்கப்பட்டவர்கள் எல்லோரும் ஐயாவின் பக்கம். வென்றார், சேர்மனும் ஆனார். ஓவசியரை வீட்டுக்கு அனுப்புவார் என்று ஊர் எதிர்பார்த்தது. ஐயா அதைவிடக் கெட்டிக்காரத்தனம் ஒன்று செய்தார். கோட்டைக் கீழே இறக்கச் சொன்னார். பழைய கோட்டுக்கு ஒரு முழம் கீழே புதுக்கோடு. அது தெரிந்தால்தான் பீப்பாயை மறிக்கலாம். சபை கைதூக்கியது. கிணற்றுக்குள் இறங்கிப் புதுக்கோட்டைக் கீறவேண்டியவரும் ஓவசியர்தான்.

ஊரே பார்க்க வந்தது. நானும் போனேன், மறைக்கவில்லை, சந்தோசமாகத்தான் போனேன். ஓவசியர் கயிற்றைப் பிடித்து இறங்கி, தூரிகையால் ஒரு சுற்றுக் கீறிவிட்டு ஏறி வந்தார். பெயின்ற் பட்ட கையைக் காற்சட்டையில் துடைத்தார். “சேர்மன், கோட்டை நீங்கள் எங்கையும் கீறலாம். தண்ணிக்கு உது விளங்காது,” என்றார். ஐயா சிரித்தார். கூட்டமும் சிரித்தது. அக்காவின் பந்தலில் சிரித்தவர்களுக்குக் கணக்குத் தீர்ந்தது போல எனக்கு இருந்தது.

அதற்குப் பிறகு கிணற்றடியில் வண்டில்கள் வரிசைகட்டின. கலியாணம், சாமத்தியச் சடங்கு, செத்த வீடு மட்டுமல்ல, வீடு கட்டச் சீமெந்து குழைக்கவும் நல்ல தண்ணீர் போனது. ஐயா தன் வாழைக்கும் ஏற்றினார். சட்டப்படிதான்.

இரண்டு கோட்டுக்கும் இடையில் தண்ணீர் நின்ற ஒரு கோடையில் ஓவசியரின் மகளுக்குக் கலியாணம் வந்தது. ஐயா போகவில்லை. நான் போனேன். வாழ்த்தப் போகவில்லை, பிடிக்கப் போனேன். தன் வீட்டுக் கலியாணம் என்று வந்தால் எந்தக் கொம்பனும் பீப்பாய் ஏற்றுவான். இப்போது சட்டமும் இடம் கொடுத்திருந்தது. அவர் வீட்டுத் தேத்தண்ணி இனிக்கும், அந்த இனிப்பை ஊர் முழுக்கச் சொல்லித் திரியலாம் என்ற ஆசையோடு ஒரு நல்ல சீலையைக் கட்டிக்கொண்டு போனேன். தட்டத்தைத் தூக்கிக்கொண்டு அவரே வந்தார். தொப்பியில்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன், தலை வழுக்கை. ஒரு வாய் குடித்தேன். உவர். எங்கள் பந்தலில் ஓடியதே, அதே உவர்.

“தேத்தண்ணி எப்பிடி, ரீச்சர்?”

“நல்லாயிருக்கு,” என்றேன்.

“பொய்,” என்றுவிட்டு அடுத்தவரிடம் போனார்.

அந்தக் கோப்பையை நான் குடித்து முடித்தேன். கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. ஒருவரை வெறுக்க நல்ல காரணம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வந்து, வாய்க்கு எட்டாமல் போனால் எப்படி இருக்கும்? அந்த மனுசன் எனக்கு அதைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

பிறகு அவர் ஓய்வுபெற்று, மகளோடு பட்டணத்துப் பக்கம் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு வந்தவர் எல்லோர் வீட்டிலும் வெற்றிலை போட்டார். எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது. மழை பொய்த்த ஒரு வருடம், தண்ணீர் ஐயாவின் கோட்டுக்கும் கீழே போனது. வண்டில்கள் நிற்கவில்லை. மறிக்க யாரும் வரவில்லை. ஒருநாள் காலை அம்மா தேத்தண்ணி ஊற்றினார். பால் திரைந்தது. பால்காரி பழசைத் தந்துவிட்டாள் என்று அம்மா அவளைத் திட்டினார். பிறகு வெறும் தண்ணீரை வாயில் வைத்தார். முற்றத்தில் துப்பிவிட்டு வந்து குசினி நிலத்தில் இருந்தார். அடுத்த மாரி நன்றாகப் பெய்தது. கிணறு நிறைந்தது. உவர் மாறவில்லை.

ஐயா அதை ஒப்புக்கொள்ளவேயில்லை. “எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியேல்லை,” என்று சொல்லிச் சொல்லி அதே தண்ணீரைக் குடித்தார். பவுசர் லொறி கொண்டுவரும் தண்ணீருக்கு ஊர் குடம் அடுக்கியபோதும் தன் வீட்டுக் குடத்தை வைக்கவிடவில்லை. கடைசியில் அக்காதான் தண்ணீர் கொண்டுவந்தாள். மாதம் இரண்டு தடவை சரவணைக் கிணற்றுத் தண்ணீரைப் பிளாஸ்ரிக் கானில் நிரப்பி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். முதல் நாள் அவள் ஊற்றிக்கொடுத்ததை ஐயா கையில் வாங்கி, குடிக்காமல் வைத்திருந்தார். “குடியுங்கோ ஐயா,” என்றாள் அக்கா. “அங்கை என்னை என்னெண்டு கூப்பிடுகினம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. இப்ப அவையின்ரை தண்ணியைத்தான் கொண்டுவாறன்.” ஐயா குடித்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் குடித்தார்.

ஐயா போய், அம்மாவும் போய், வீட்டைப் பூட்டச் சென்றபோது கிணற்றடிக்கும் போனேன். கப்பி இல்லை, கயிறு இல்லை. ஐயாவின் பெயர்க்கல் அப்படியே இருக்கிறது. கிணற்றுக்கட்டில் வயிறு முட்ட எட்டிப் பார்த்தேன். மாரி முடிந்த நேரம். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, உற்றுப் பார்த்தால் இரண்டு கோடும் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தன. மேலே ஓவசியருடையது, ஒரு முழம் கீழே ஐயாவுடையது. இரண்டையும் மூடிக்கொண்டு, அதற்கும் மேலே கழுத்தளவு உவர்த் தண்ணீர் நிற்கிறது. இனி யாரும் எத்தனை பீப்பாய் வேண்டுமானாலும் ஏற்றலாம்.