கோடாலி வீரனின் பாவசங்கீர்த்தனம்

எண்பதுகளில் நல்லம்பள்ளியில் பகடை உருட்டிப் பேய்களை வெட்டிய ஒரே வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும். பெங்களூர்க் குருமடத்தில் சாமியாருக்குப் படித்துக்கொண்டிருந்த அண்ணன், கூடப் படித்த ஒரு மங்களூர்க்காரரிடம் அந்த ஆட்டத்தைக் கற்று வந்திருந்தான். பலகை எதுவும் கிடையாது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரன், திருடன், பூசாரி என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்து அப்படியே பேசி நடிக்க வேண்டும். அடி விழுமா தப்புமா என்பதை லூடோ பகடை சொல்லும்.

“நீதான் பாதிச் சாமியாராச்சேண்ணா, நீயே பூசாரியா இரு” என்றேன்.

“ஐயோ, லீவுலயுமா? ஆள வுடு” என்று அவன் கோடாலி வீரனாகிவிட்டான். கதை சொல்வதும் அவனேதான், ஆள் பற்றாக்குறை. காயம் ஆற்றும் பூசாரி வேஷம் எனக்கும், வத்தல்மலையிலிருந்து வந்து தங்கியிருந்த அவன் பள்ளிக்கூட நண்பருக்கும் வந்தது.

அவருக்குப் பூசாரி என்றால் மலைக்கோயில் பூசாரிதான். காயம் என்றதும் உடம்பை உலுக்கி, கண்ணைச் செருகி, “ஒரு சேவல் நேந்துக்க, ஆத்தா பாத்துக்குவா” என்று குறி சொல்லுவார். நானோ எங்கள் பங்குச் சாமியாரையே இறக்கினேன். தொண்டையைச் செருமுவது, பூசைக்குத் தாமதமாக வருகிறவர்களை முறைப்பது எல்லாம் உண்டு. முட்டி போட்டுப் பாவத்தைச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் செய்யாதவனுக்கு என்னிடம் மருந்தே கிடையாது. ஆட்டத்தில் அப்படி விதியே இல்லை என்று அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான். அட போண்ணா, என் சாமியார் அப்படித்தான்!

லீவின் கடைசி ஞாயிறு. மறுநாள் காலை அவனுக்குப் பெங்களூர் பஸ். குகைப் பேய் கோடாலி வீரனை வெட்டிச் சாய்த்துவிட்டது.

“சாவப்போறேன், சீக்கிரம் குணமாக்கு” என்று அண்ணன் கத்தினான்.

“முட்டி போடு. பாவத்தச் சொல்லு.”

சிரித்துக்கொண்டே முட்டி போட்டான். “சாமி, நான் பாவி. ரெண்டு பேயக் கொன்னுட்டேன்.”

“அப்பறம்?” என்று அதட்டினேன். எங்கள் சாமியார் அப்படித்தான் கேட்பார்.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. “எனக்குக் குருமடத்துக்குத் திரும்பிப் போவப் புடிக்கல சாமி. எங்கம்மா மனசு ஒடஞ்சிருமேன்னு சொல்லாம இருக்கறேன்.”

கைக்குழந்தையில் ஜன்னி கண்டவன் பிழைத்ததற்காக, அம்மா அவனைக் கோயிலுக்கென்றே நேர்ந்துவிட்டிருந்தாள். அந்த அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். மலை நண்பர் பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டார். நான் என்னதான் செய்வேன்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“அபராதமா மூணு அருள் நிறை மரியே செபம் சொல்லுப்பா.”

“அவன் எதுக்குடி சொல்லணும்?” என்றாள் அம்மா. முறத்தைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது. “நேந்துக்கிட்டவ நானு. அந்த மூணையும் நாஞ் சொல்லிக்கறேன். எந்திரிச்சு வந்து சோறு திங்கச் சொல்லு அவன.”