பூசையில் வைத்த ஹார்டு டிஸ்க்

வண்ணார்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மகேஸ்வரனுக்கு ஒரே ஒரு பெருமைதான். எடுத்த படம் எதையும் அவர் அழித்ததில்லை. இருபத்திரண்டு வருடத்துக் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் கடைக் கம்ப்யூட்டரில் கிடந்தன. மார்கழி வெள்ளத்தில் ஆற்றோரத்து வீடுகளில் ஆல்பமெல்லாம் கூழாகிப் போக, தேடி வந்தவர்களுக்குச் சல்லிக்காசு வாங்காமல் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். "தண்ணி கொண்டு போனாலும் எங்கிட்ட இருக்கும்வே" என்று அவர் சொல்லாத ஆளில்லை.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கணேஷ்ராம் தலைப்பாடாய் அடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, வைஃபை பெட்டியில கம்பெனி போட்டுத் தந்த பாஸ்வேர்டை மாத்துங்க. கடைக்கு வாரவங்களுக்குத் தனி வைஃபை வைங்க. படத்தையெல்லாம் இன்னொரு ஹார்டு டிஸ்க்ல காப்பி எடுத்துட்டு உடனே கழத்தி வச்சிருங்க. எவனாவது உள்ள புகுந்தா, மாட்டிக் கிடக்கறதும் சேந்து போயிரும்."

முதல் இரண்டுக்கும் மனிதர் மசியவில்லை. காத்திருப்பவர்கள் போனில் பாட்டுப் பார்க்கட்டுமே என்று பாஸ்வேர்டைச் சுவரிலேயே ஒட்டியிருந்தார். திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதைதான், வேறென்ன! ஆனால் மூன்றாவதில் பிசகியதில்லை. சனிக்கிழமைதோறும் காப்பி எடுத்து, கழற்றி, பீரோவில் பூட்டுவார்.

ஆயுத பூசை வந்தது. கேமராவுக்கும் பிரிண்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. ஹார்டு டிஸ்கை மட்டும் எப்படி விடுவது? படியளப்பதே அதுதானே! விளக்கெரியாமல் செத்த சாமானாக அதை வைக்க அவருக்கு மனசு வரவில்லை. கம்ப்யூட்டரில் மாட்டி, நீல விளக்கு மினுக்க, சூடம் காட்டினார். பூசையில் வைத்ததை மறுநாள் பிரித்தெடுக்கும்வரை தொடக்கூடாது. அவரும் தொடவில்லை.

மறுநாள் காலையில் ஒரு படமும் திறக்கவில்லை. எவனோ வைஃபை வழியே புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டு இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தான். ஹார்டு டிஸ்குக்கும் அதே கதி.

"ஒரு நாள் கழத்தாம விட்டியளே!" என்று கணேஷ்ராம் அழாத குறை. "பணத்தை வாங்கிட்டு அவன் திறப்பான்னு என்னத்தக் கண்டோம்?" போலீசில் எழுதிக் கொடுத்ததற்கும் இன்றுவரை பதிலில்லை.

போன வாரம் அன்னத்தாய் வந்தாள். வெள்ளத்தில் வீடு போனபின் திருப்பூரில் மகள் வீட்டோடு இருந்தவள். "எம் மவன் முத்துமாலை கல்யாணப் படம் ஒண்ணு வேணும் அண்ணாச்சி. அவன் செத்து நாலு வருசமாச்சு. ஆல்பம் வெள்ளத்தோட போச்சு. உங்ககிட்ட இருக்கும்னாவ."

தேடுகிறேன், பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிடலாமா என்று பார்த்தார். அந்தப் பாவம் வேறு எதற்கு?

"இல்லம்மா. எல்லாம் போச்சு."

அவள் சுவரையும் தரையையும் பார்த்தாள். "இங்கன வெள்ளம் வரலையே?"

அவர் கம்ப்யூட்டரைக் கைகாட்டினார்.

"பெருசா வேண்டாம். சின்னப் படம் போதும்" என்றாள் அவள். "கொஞ்ச நாளா அவன் மொகமே நெனப்புக்கு வரமாட்டேங்கு, அண்ணாச்சி."