மாதா நின்ற பிக்கப்

செய்தி எனக்கு ஹலினாவின் வாயால்தான் வந்தது. ஈஸ்ட் ஹாமில் மீன்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கைபேசியைக் காதில் வைத்ததும் "அண்ணை... அண்ணை..." என்று மட்டும் கேட்டது. அவள் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை. அந்த உக்ரைன்காரிக்கு லண்டன் முழுவதிலும் ஒரே ஒரு அண்ணைதான் இருந்தார். என் முறை வந்து, "என்ன மீன் வேணும்?" என்று கடைக்காரர் கேட்டார். நான் பதில் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

அருளப்பு அண்ணை காலைத் தேநீரைக் குடித்துவிட்டு, கதிரையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். இதயம் என்றார்கள். செத்தவீட்டில் நம் பங்குக் கோவில் ஆட்கள் சிலர், "படுக்கையில கிடந்து இழுபடாமல் போயிட்டார், குடுத்து வைச்ச மனுசன்" என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கடைசி மாதங்களில் அந்த மனுசன் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். அதனால்தான், அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

அவருடைய பழைய டீசல் பிக்கப்பை உங்களில் எவரும் மறந்திருக்க முடியாது. கட்டட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதை அவர் ஆண்டில் ஒரு நாள்தான் வெளியே எடுப்பார். ஆவணியில் மடு மாதா திருநாளன்று, மாதாவை ஊர்வலமாகக் கொண்டுபோகும் சுற்றுப்பிரகாரத்துக்கு. மாதாவின் சுருவம், அந்தச் சிலை, ஆடாமல் நிற்பதற்காகப் பின்தட்டில் நான்கு ஓட்டைகளைத் தானே துளைத்து, அடியில் ஓர் இரும்புத் தகட்டை ஒட்டவைத்து, நான்கு பெரிய போல்ட்டுகளால் பீடத்தை இறுக்குவார். சோடனை என் பொறுப்பு. நான் பூ வைத்து முடிந்ததும் வந்து பீடத்தை ஒருமுறை உலுப்பிப் பார்ப்பார். "பூ விழலாம் தம்பி, மாதா விழக் கூடாது" என்பார். ஒவ்வோர் ஆண்டும் இதையே சொல்வார். ஒவ்வோர் ஆண்டும் எனக்கு எரிச்சல் வரும்.

உக்ரைனிலிருந்து வருகிறவர்களுக்கு வீட்டில் இடம் கொடுக்கலாம் என்று அரசாங்கம் கேட்டபோது, மனைவி திரேசா அக்கா இறந்து வெறுமையாகக் கிடந்த மேல் அறையை அவர் கொடுத்தார். வந்தவள்தான் ஹலினா. அவளும் கத்தோலிக்கர், பிள்ளைகள் இல்லை. கணவன் பெட்ரோ முன்னரங்கிலிருந்து காயப்பட்டவர்களை ஏற்றி வரும் பிரிவில் இருந்தான். முதல் மாதம் முழுவதும் இருவரும் ஒருவருக்கொருவர் சமைத்துக் கொடுத்து, ஒருவர் சாப்பாட்டை மற்றவர் சாப்பிட முடியாமல் திண்டாடினார்கள். பிறகு அவள் தேங்காய்ப்பால் சொதிக்குப் பழகினாள். அவளுடைய பீட்றூட் சூப்பில் அண்ணை மிளகாய்த்தூளைத் தூவினார். சமாதானமாகிவிட்டது.

பெட்ரோவின் வண்டி குண்டுபட்டு எரிந்தது என்று ஒருநாள் அவள் அழுதாள். புகை கக்கும் வண்டிகளுக்கு விதித்த கட்டணத்தால் லண்டனில் ஓட்ட முடியாத பழைய வண்டிகளை வாங்கி அங்கே அனுப்பும் ஆட்கள் அப்போது இருந்தார்கள். அண்ணை இரண்டாம் பேச்சில்லாமல் பிக்கப்பைக் கொடுக்கிறேன் என்றார். திருநாள் கமிட்டியில் நான்தான் குதித்தேன். "அப்ப மாதாவை என்ன மினிகாப் டாக்சியிலயோ ஏத்துறது?" என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "காயப்பட்டவனை ஏத்தினா மாதா கோவிப்பாவோ? கோவிச்சா என்னோட கோவிக்கட்டும்." போல்ட்டுகளை மட்டும் கழற்றி என் கையில் தந்தார். அடுத்த வண்டிக்கு உதவும் என்றார்.

ஒரு நிபந்தனை வைத்தார். காயப்பட்டவர்களை ஏற்ற மட்டும்தான். அதற்குக் காரணம் உண்டு. எங்கள் நாட்டுச் சண்டைக்கும் அவர் ஒருகாலத்தில் உழைப்பதிலிருந்து காசு கொடுத்தவர். "நான் குடுத்தது ஆரைக் கொன்றது எண்டு எனக்குத் தெரியாது. என்ர தம்பியை ஆர் குடுத்தது கொன்றது எண்டும் தெரியாது. இனி உயிர் எடுக்கிற ஒண்டுக்கும் என்ர கையால ஒண்டும் போகாது" என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். திரேசா அக்காவின் கல்லறையில் கைவைத்துச் செய்த சத்தியம் அது. ஹலினாவுக்கும் அதைச் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

படம் வந்தது ஒரு மத்தியானம். நானும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஹலினா சிரித்த முகத்தோடு கைபேசியை நீட்டினாள். பிக்கப் சேற்று நிறத்தில் இருந்தது. பின்தட்டில் பெட்ரோ நின்றான், அவனுக்கு முன்னால் ஒரு கனத்த துவக்கு, காலூன்றிய இயந்திரத் துப்பாக்கி. அண்ணை படத்தை விரலால் பெரிதாக்கினார், மேலும் பெரிதாக்கினார். துவக்கின் கால் எங்கே பூட்டப்பட்டிருக்கிறது என்று எனக்கும் தெரிந்தது.

"தம்பி," என்றார், "அது நான் மாதாவுக்குத் துளைச்ச ஓட்டையடா."

அன்றைக்குத்தான் அவர்களுக்குள் சண்டை வந்தது. துவக்கைக் கழற்றச் சொல்லு என்றார் அவர். அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "ட்ரோன் காயப்பட்டவர்களைத்தான் தேடித் தேடி அடிக்கிறது அண்ணை. என் புருசன் வானத்தைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு நிற்க வேண்டுமா?" அவள் மேலே போய்க் கதவைச் சாத்தினாள். சோறு ஆறிப்போனது.

கழற்றச் சொல்லி அவர் பிறகு கேட்கவில்லை. ஆனால் சத்தியம் அவரை அரித்தது. சனிக்கிழமைச் செபக்கூட்டம் நினைவிருக்கிறதா? ஒவ்வொருவராக எழுந்து மன்றாட்டுச் சொல்வோம். மகளுக்குச் சம்பந்தம் சரிவர வேண்டும், விசா கிடைக்க வேண்டும், முழங்கால் வலி போக வேண்டும். அண்ணை எழுந்து, "அந்தத் துவக்கு ஒருநாளும் வெடிக்கக் கூடாது ஆண்டவரே" என்றார். நாங்கள் எல்லோரும் வாய்ப்பாடாய், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றோம். வாரா வாரம் சொன்னார். வாரா வாரம் நாங்களும் சொன்னோம். எந்தத் துவக்கு என்று எத்தனை பேர் கேட்டீர்கள்? அவருக்குப் பக்கத்தில் இருந்த ஹலினாவுக்குத் தமிழ் தெரியாது. சத்தத்தை வைத்து அந்தப் பதிலை மனப்பாடம் செய்துகொண்டு அவளும் சேர்ந்து சொன்னாள்.

அந்தக் குளிர்காலத்தில் உக்ரைனுக்குப் போகும் ஆயுத உதவி தடைப்பட்டது. பெரிய நாடுகளின் சபைகளில் கொடுப்பதா விடுவதா என்று இழுபறிப்பட்டார்கள். தொலைக்காட்சியில் கோட்டுப் போட்டவர்கள் ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டே இருந்தார்கள். ஹலினா வேலைக்குப் போவதும் செய்தி பார்ப்பதுமாக இருந்தாள். அங்கே எல்லாவற்றையும் அளந்துதான் சுடுகிறார்கள் என்று பெட்ரோ சொன்னதாகச் சொன்னாள்.

பிறகு பெட்ரோவின் தோழன் ஒருவன் அழைத்தான். காயப்பட்ட இருவரை ஏற்றிக்கொண்டு வரும் வழியில் ட்ரோன் துரத்தியிருக்கிறது. துவக்கு இருந்தது. அதில் போட ஒரு ரவை, ஒரு தோட்டா, இல்லை. முந்திய வாரமே முடிந்துவிட்டதாம். பெட்ரோ உட்பட வண்டியில் இருந்த ஒருவரும் மிஞ்சவில்லை.

நான் போனபோது அண்ணை வீட்டு வாசலில், முன்பு பிக்கப் நின்ற வெற்றிடத்தில் நின்றுகொண்டிருந்தார். மழை. குடை இல்லை. "கேட்டது கிடைச்சிட்டுது தம்பி" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது ஏன்தான் விளங்கியதோ என்றிருந்தது. "விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை, கடவுள் அப்படிச் செய்வாரோ?" என்றேன். "நான் கேட்டன் எல்லே? நீங்களும் சேந்து கேட்டனியள் எல்லே? அது வெடிக்கேல்லைத்தானே?" என்றார். ஐயோ, அந்தக் குரலை நான் எங்கே கொண்டுபோய்ப் போடுவேன்!

அவர் அதை ஹலினாவிடம் மறைக்கவில்லை. மறைக்கத் தெரியாத மனிதர். குசினி மேசையில் அவளை இருத்தி, தெரிந்த ஆங்கிலத்தில், தான் இவ்வளவு காலமும் எதைக் கேட்டு மன்றாடினார் என்று சொன்னார். அவளும் சேர்ந்து சொன்ன பதிலின் பொருளையும் சொன்னார். வேண்டாம் என்று நான் கண்ணால் கெஞ்சினேன். "ரவை தராதது கடவுள் இல்லை அண்ணை. அவர்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது" என்றாள் ஹலினா. எழுந்து போய்க் கேத்திலில் தண்ணீர் வைத்தாள். அவள் மன்னித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டை விட்டுப் போகவில்லை.

அதன் பிறகு அவள் ஒவ்வொரு ஆர்ப்பாட்டத்துக்கும் போனாள். ஆயுதம் அனுப்புங்கள், இப்போதே அனுப்புங்கள் என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு அமைச்சகங்கள் இருக்கும் தெருவில் நிற்பாள். ஒருநாள் நானும் போனேன். அங்கே, அவளுக்குப் பின்னால், அருளப்பு அண்ணை! கையில் அட்டை இல்லை. அவளுடைய கைப்பையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணை, சத்தியம் போச்சோ?" என்று கேட்டுவிட்டேன்.

"சத்தியம் கிடக்குது. இவளைத் தனிய விட ஏலுமோ?" என்றார். சனம் கத்திக்கொண்டிருந்தது. என் தோளைப் பிடித்து, காதுக்குள் சொன்னார். "குடுங்கோ எண்டும் கேக்கேலாது. குடுக்காதேங்கோ எண்டும் கேக்கேலாது. ரெண்டிலயும் ஆரோ சாகினம். இனி என்னத்தைக் கேட்டு மன்றாடுறது? நீ சொல்லு பாப்பம்."

எனக்கு என்ன தெரியும்? நான் பூ வைக்கிறவன். செபக்கூட்டத்துக்கு அவர் தொடர்ந்து வந்தார். ஆனால் தன் முறை வரும்போது கையை அசைத்து அடுத்தவருக்கு விட்டுவிடுவார். அப்படியே இருந்தார், சாகும்வரை.

அண்ணையின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து மண்டபத்தில் கூடியிருந்தோம். சண்டை இன்னும் முடியவில்லை. பேச்சுவார்த்தை என்கிறார்கள், புதிய உதவி என்கிறார்கள், அடுத்த நாள் வேறொன்று சொல்கிறார்கள். மன்றாட்டில் என் முறை வந்தது. அவர் கழற்றித் தந்த நான்கு போல்ட்டுகளும் என் கோட்டுப் பைக்குள் கிடந்தன. அவற்றைப் பொத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவருக்காக ஏதாவது கேட்க வேண்டும், அந்த நாட்டுக்காக ஏதாவது கேட்க வேண்டும் என்று நினைத்தேன். "ஆண்டவரே" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. நின்றேன். நீங்கள் எல்லோரும் பொறுத்துப் பார்த்தீர்கள்.

அப்போது முன்வரிசையில் ஹலினா ஒருத்தியின் குரல், பொருள் தெரிந்த குரல், தமிழில் தனியாக எழுந்தது: "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

எதுவும் கேட்கப்படாத அந்த மன்றாட்டும், இந்த நான்கு போல்ட்டுகளும்தான் அருளப்பு அண்ணை எனக்கு விட்டுப்போனவை.