மாமாவின் கலங்கரை விளக்கம்

பத்து வயதில் எனக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் இருக்கவில்லை. யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னையே கேட்டிருக்கலாம். அவ்வளவு வாய் எனக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொங்கோலில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து விடியற்காலையே கிளம்பி, தெற்கே ஒரு சின்னத் தீவுக்குப் படகில் போனோம். கடல்நீர் இறங்கும்போது அங்கே ஒரு மணல்பாதை வெளியே தெரியும். அதில் நடந்தால் பக்கத்துத் திட்டுக்குப் போய்விடலாம். திட்டின் மேல் வெள்ளைக்காரன் காலத்துக் கலங்கரை விளக்கம், வெள்ளை வெளேரென்று நிற்கும். தண்ணீர் மறுபடி ஏறினால் பாதை மறைந்துவிடும். ஏறும் நேரத்தை நான்தான் இணையத்தில் பார்த்து உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தேன். அப்பாகூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்.

எங்களோடு மாமாவும் வந்திருந்தார். அம்மாவின் தம்பி. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வந்து கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் அவருக்கு ஓய்வு. அன்றைக்கும் தூங்காமல், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் வந்து நின்றார்.

"கடலுக்கு யாராச்சும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வருவாங்களாடா?" என்று அம்மா கேலி செய்தார்.

கலங்கரை விளக்கத்தின் அடிக்குப் போனதும் மாமா ஊரிலிருந்த தன் மகளை வீடியோவில் அழைத்தார். அவள் என்னைவிட இரண்டு வயது சின்னவள். போனைத் தூக்கிப் பிடித்துக் கட்டடத்தைக் காட்டினார்.

"பாத்தியா தங்கம்? அப்பா இங்கதான் வேலை பாக்குறேன். நல்லா காத்து வரும். சாயங்காலம் ஆனா சுவிட்சைப் போடணும், அவ்வளவுதான் வேலை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்படியும் ஒரு புளுகா! எட்டிப் போனைப் பறித்தேன்.

"பொய் லா! மாமா ஷிப்யார்டுல வேலை செய்றாங்க. கப்பல் டேங்க் உள்ள இறங்கி பெயின்ட் அடிப்பாங்க."

திரையில் அவள் முகம் அசையவே இல்லை. சிக்னல் போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"டேங்க் உள்ளயா? நெசமாவா அப்பா?"

மாமா போனை வாங்கி, "அது எப்பவாச்சும்தான்மா" என்றார். அம்மா என் கையில் நறுக்கென்று கிள்ளினார். உண்மையைச் சொன்னதற்கா கிள்ளு? ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்தக் களேபரத்தில் நேரம் தாண்டிவிட்டது. திரும்பும்போது பாதையில் பெரியவர்களுக்கே முழங்கால் அளவு தண்ணீர். மாமா என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு நடந்தார்.

"கோவமா மாமா?"

"இல்ல கண்ணு. நீ உண்மையத்தானே சொன்ன."

கேட்டுக்கொள்ளுங்கள் என்பதுபோல் அம்மாவைப் பார்த்தேன். மாமா பெருமைக்காகப் புளுகினார், பிடிபட்டதும் வெட்கப்படுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். ஜெயித்துவிட்ட பெருமையில் அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னார். அதற்கு முந்தைய வருடம், மாமாவின் தெருவிலிருந்து வெளிநாடு போன ஒருவர் கப்பல் தொட்டிக்குள் மூச்சுமுட்டி இறந்துபோனாராம். சவப்பெட்டி வந்து இறங்கியதை மாமாவின் மகள் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். 'எங்கப்பாவுக்கு என்ன வேலை?' என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாளாம். நான் போனைப் பறித்த நாள் முதல், மாமா ஊருக்கே திரும்பிப் போகும்வரை, வேலை முடிந்து அவர் அழைக்காமல் அவள் சாப்பிட உட்கார்ந்ததே இல்லை.